வரலாறு படிக்க 20 லட்சம் கடன் வாங்கலாமா?

திண்டுக்கல்லில் இருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். வயது 50. மில்லில் சூப்பர்வைசர், மாதச் சம்பளம் 48,000 ரூபாய். மகளுக்கு வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருட பி.ஏ. வரலாறு படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விடுதியோடு சேர்த்து மொத்தம் 32 லட்சம் ஆகும். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் வங்கி 20 லட்சம் தரும் என்கிறார்கள். "கலைப் படிப்புக்கு இவ்வளவு கடன் வாங்கலாமா? பின்னால் மகள் சம்பாதித்து அடைத்துவிடுவாளா?" என்று கேட்கிறார்.

ஐயா, வரலாறு படித்தால் சோறு போடுமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. போடும். ஆனால் பெரும்பாலும் தாமதமாகத்தான் போடும், கடன் தவணையோ சீக்கிரமே வந்து நிற்கும். உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கணக்கு. வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 5 லட்சமாக நான்கு வருடம் வாங்குகிறீர்கள். கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஐந்து வருடமும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தனிவட்டியாகவே போட்டாலும் 7 லட்சம் சேர்ந்துவிடும். ஆக, 27 லட்சத்துக்குத் தவணை தொடங்கும். 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 29,000 ரூபாய். எல்லாம் முடியும்போது 52 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அப்போது உங்களுக்கு வயது 70.

படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் தவணை 21,500 ரூபாய்க்கு இறங்கும். ஆனால் நான்காம் வருடம் அந்த வட்டியே மாதம் 16,700 ரூபாயைத் தொடும். மீதி 12 லட்சத்தையும் கையிலிருந்து போட வேண்டிய குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது.

இப்போது வரவுப் பக்கம். பி.ஏ. முடித்ததும் கைக்கு 30,000 வரும் வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொடக்கச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்பது நான் எல்லோருக்கும் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் மாதம் 6,000 ரூபாய்தான். பத்து வருடத்தில் அடைப்பதானால் நாலரை லட்சம் கடன் வரை தாங்கும். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை மார்ஜின் பணம் (செலவில் நாம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) கேட்பதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்பதில்லை. உங்கள் மகளுக்கு நாலரை லட்சம் நல்லது, ஏழரை லட்சம் கடைசி எல்லை. அதற்கு மேல் போய் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டாம்.

இதில் எனக்குப் பணத்தைவிடப் பெரிதாகத் தெரியும் ஒரு கவலை உண்டு. வரலாறு படித்தவர்கள் நன்றாக வரும் வழிகளைப் பாருங்கள்: எம்.ஏ., பி.எட்., சட்டம், கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி தரும் நெட் தேர்வு, ஆராய்ச்சி, குடிமைப் பணித் தேர்வு. எல்லாமே 22 வயதிலிருந்து இன்னும் சில வருடம் பொறுமையாக உழைக்கக் கேட்பவை. நெட் தேர்வு வழியாக ஆராய்ச்சி மாணவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும், ஆனால் அதற்கு எம்.ஏ. வேண்டும், இல்லையென்றால் நான்கு வருடப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண்ணாவது வேண்டும். மேற்படிப்புக்குப் போனால் தவணையைத் தள்ளிவைக்கும்படி வங்கியைக் கேட்கலாம், வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறேன் என்றால் அந்தச் சலுகையும் கிடைக்காது. மாதம் 29,000 தவணை தலைக்கு மேல் நிற்கும் பெண் இந்த வழிகளில் எதையுமே எடுக்க முடியாமல், கிடைத்த முதல் வேலையில் சேர்ந்துவிடுவாள். எந்தப் படிப்புக்காகக் கடன் வாங்கினோமோ, அந்தப் படிப்பின் பலனைக் கடனே தின்றுவிடும்.

மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி கல்விக் கடன் திட்டத்தைப் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. மகளுக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகம் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் அரசு நிறுவனங்களில் படிப்பவர்களுக்கும் தொழிற்படிப்பு மாணவர்களுக்கும்தான் மானியத்தில் முன்னுரிமை. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பல்கலைக்கழகத்திடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கட்டணச் சலுகை. இப்படிப்பட்ட பல தனியார் பல்கலைக்கழகங்கள் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கின்றன. சம்பளச் சீட்டையும் வருமானச் சான்றிதழையும் இணைத்து, "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று தொகையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அப்புறம், வேலைவாய்ப்பு விவரம். "சராசரிச் சம்பளம்" என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள். பொருளியல் படித்த நாலைந்து பேரின் சம்பளம் அதைத் தூக்கிவிட்டிருக்கலாம். வரலாற்றுத் துறையில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், சம்பள வரிசையில் நடுவில் இருப்பவரின் சம்பளம் என்ன என்று கேளுங்கள். லிங்க்டினில் அந்தத் துறையின் பழைய மாணவர்களைத் தேடி, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் பார்த்துவிடுங்கள்.

சலுகை கிடைக்கவில்லையா? இதே வரலாற்றை மதுரை அமெரிக்கன் கல்லூரியிலோ சென்னை மாநிலக் கல்லூரியிலோ படிக்கலாம். உதவிபெறும் கல்லூரி என்றால் அரசு உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேட்டுச் சேருங்கள், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்கும். பிறகு குயெட் என்ற பொது நுழைவுத் தேர்வை எழுதி எம்.ஏ.வுக்கு ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் மாதிரியான இடத்துக்குப் போகலாம். கடன் தேவைப்பட்டால் அப்போது சிறிதாக வாங்கிக்கொள்ளலாம்.

கட்டணச் சலுகைக் கடிதம் இந்த வாரமே போகட்டும். பதில் வந்ததும் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து இந்த எண்களை மறுபடி போட்டுப் பாருங்கள். கடன் அவள் பெயரிலும்தான் வரும், நீங்கள் கூட்டுக் கடனாளி. அவள் என்ன நினைக்கிறாள் என்பது உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை.