மறதியும் விசுவாசமும்

கேள்வி: பாறசாலையில் எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. எங்கள் பெயர்கூட நினைவில்லை. ஜெபத்தையும் பாதியில் நிறுத்திவிடுகிறார். ஆண்டவரையே மறந்துவிட்டால் அவருடைய விசுவாசம் என்னவாகும்? குடும்பக் கதைகளும் அவரோடு போய்விடுமோ?
— ஒரு வாசகி

பதில்: சகோதரி, தாய் தன் பாலகனை மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று ஏசாயா 49-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் சொல்லும்போது, தாய்க்கும் மறதி வரக்கூடும் என்பதை அறிந்தே சொல்கிறார். ஆகவே அம்மாவின் விசுவாசத்தை அவருடைய ஞாபகசக்தியைக் கொண்டு அளக்க வேண்டாம். யோசேப்பு, தகப்பன் வீட்டைத் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொல்லி மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டார். அந்தப் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் அந்த வீடு அவர் நெஞ்சில் வந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

குடும்பக் கதைகளைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்து, பாறசாலை கேரளத்தில் நின்றபோது, நம் எல்லைப்புறத்து உறவுகள் இரண்டு மாநிலங்களிலுமாக ஆயின. இங்குள்ள ஒரு வீட்டில், பழைய தமிழ் வேதாகமத்தின் முன்தாளில் பிறப்பு, ஞானஸ்நானம், அடக்கம் எல்லாம் தேதியோடு எழுதப்பட்டிருப்பதைக் கண்டேன். மை பழுப்பேறியிருந்தது, ஓரத்தில் விளக்கெண்ணெய்க் கறை. மலையாளத்தில் படித்த பேரப்பிள்ளைகளால் அதில் ஒரு வரியும் வாசிக்க முடியவில்லை. அது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அத்தகைய தாள் இருந்தால், பிள்ளைகளை அருகில் அமர்த்தி உரக்க வாசித்துக்காட்டி, அவர்கள் கையாலேயே மலையாளத்திலும் எழுதவையுங்கள்.

இன்னொன்று: பெயர்கள் மறந்தவர்களுக்கும் பழகிய பாட்டு பல வேளைகளில் நினைவில் நிற்கும். மாலை ஜெபத்தில் அம்மா சிறுவயதில் பாடிய கீர்த்தனையின் முதல் அடியை நீங்கள் எடுத்துக்கொடுங்கள்; அடுத்த அடிக்கு அவசரப்படாமல் காத்திருங்கள்.