ஆளுக்கொரு குண்டு கொடுத்துவிடலாமா?

கேள்வி: உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கொடுத்துவிட்டது, இன்று அடி வாங்குகிறது. வட கொரியா குண்டை வைத்திருக்கிறது, அதன் பக்கம் யாரும் போவதில்லை. 1945-க்குப் பிறகு உலகப் போர் வராததற்கும் அணுகுண்டு பயம்தானே காரணம்? இன்னமும் ‘உலகம் முழுக்க அணு ஆயுத ஒழிப்பு’ என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, இது பகல் கனவு இல்லையா?

பதில்: உங்கள் கணக்கையே கொஞ்சம் நீட்டிப் பார்க்கிறேன். குண்டு இருந்தால்தான் பாதுகாப்பு என்றால் 9 நாடுகளோடு ஏன் நிறுத்த வேண்டும்? ஐ.நா.வில் 193 நாடுகள் இருக்கின்றன, ஆளுக்கொன்று கொடுத்துவிடலாமே! “ஐயோ, வேண்டவே வேண்டாம், எவன் கையில் போய்ச் சேருமோ” என்றுதானே சொல்வீர்கள்? எனக்கும் அதே ஐயோதான். இப்போது வைத்திருக்கும் 9 பேரையும் சேர்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

உக்ரைனுக்கு வருவோம். சோவியத் யூனியன் உடைந்தபோது அந்த மண்ணில் ஏறத்தாழ 1,900 நீண்டதூர அணு ஆயுதங்கள் இருந்தது உண்மை. ஆனால் அவற்றை ஏவுவதற்கான சங்கேதக் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. பெட்டி இங்கே, சாவி அங்கே. 1994-இல் புடாபெஸ்ட்டில் ‘உன் எல்லையை மதிப்போம்’ என்று ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் கையெழுத்துப் போட்டன. வாக்கை மீறியது ரஷ்யா. 2022-இல் அவ்வளவு துணிச்சலாக உள்ளே நுழைய முடிந்ததே, வேறு யாரும் நேரடியாகக் குறுக்கே வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் என்று நினைக்கிறேன், அந்தத் தைரியத்தைக் கொடுத்தது அதன் கையிலிருக்கும் குண்டு. இதை எப்படி அணு ஆயுதத்துக்கு ஆதரவான வாதமாக எடுத்துக்கொள்கிறீர்கள்?

உலகப் போர் வராததற்குக் குண்டுதான் காரணம் என்பது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அணுகுண்டு இருப்பதாகப் பரவலாக நம்பப்பட்ட இஸ்ரேலை 1973-இல் எகிப்தும் சிரியாவும் தாக்கின. 1982-இல் அர்ஜென்டினா பிரிட்டனின் ஃபாக்லாந்து தீவுகளில் போய் இறங்கியது. வியட்நாமில் அமெரிக்காவுக்கும் ஆப்கானிஸ்தானில் சோவியத் யூனியனுக்கும் குண்டு என்ன உதவி செய்தது?

நாம் தப்பிப் பிழைத்த கதையைக் கேட்டால் உங்களுக்கே தூக்கம் வராது. 1961-இல் வட கரோலினாவின் மேலே பறந்த அமெரிக்க பி-52 விமானம் உடைந்து இரண்டு ஹைட்ரஜன் குண்டுகள் கீழே விழுந்தன, அதில் ஒன்று வெடிக்காமல் போனதற்கு ஒரே ஒரு சுவிட்ச் காரணம். 1979-இல் பயிற்சிக்கான டேப் ஒன்று அமெரிக்காவின் எச்சரிக்கைக் கணினிகளில் ஓடி, சோவியத் ஏவுகணைகள் வருகின்றன என்று காட்டியது. அப்புறம் 1983 செப்டம்பர் 26. கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் படை சுட்டு வீழ்த்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை, இரண்டு பக்கமும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது, ஒன்று, பிறகு இன்னும் நான்கு என்று சோவியத் செயற்கைக்கோள்கள் அலறுகின்றன. பணியிலிருந்த ஸ்டானிஸ்லாவ் பெத்ரோவ், ‘போரைத் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்தையா அனுப்புவான்?’ என்று யோசித்து, இது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்னார். மேகத்தில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைத்தான் கருவி ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த நாற்காலியில் விதிமுறைப் புத்தகத்தை வரி பிசகாமல் பின்பற்றுகிற ஒருவர் இருந்திருந்தால்? (அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று கண்டனம்!) இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால், குருட்டு அதிர்ஷ்டத்துக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

பகல் கனவு என்கிறீர்கள். 1986 வாக்கில் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன, இன்று 12,000 சொச்சம். மீதியைப் பிரித்துப் போட்டது யார், என்னைப் போன்ற கனவு காண்கிறவர்களா? அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பசேவும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும்தான், ஒருவர் தளத்துக்கு மற்றவர் ஆளனுப்பி எண்ணிப் பார்த்துக்கொண்டே குறைத்தார்கள். தென்னாப்பிரிக்கா 6 குண்டுகளைச் செய்து முடித்த பிறகு தானாகவே உடைத்துவிட்டு 1993-இல் உலகத்துக்கு அறிவித்தது, சர்வதேச அணுசக்தி முகமை போய்ச் சரிபார்த்தது. அது முடிந்ததென்றால் மற்றவர்களுக்கு முடியாததற்குத் தொழில்நுட்பம் காரணமில்லை, மனசு இல்லாததுதான் காரணம். ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்துவோம் என்று 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் 6-ஆவது பிரிவில் ஒப்புக்கொண்டவர்கள் வல்லரசுகள்தான், நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. நாளைக் காலையே எல்லாவற்றையும் கடலில் கொட்டச் சொல்லவும் இல்லை. சில நிமிடங்களில் ஏவும்படி தயாராக வைத்திருக்கும் ஏறத்தாழ 2,000 ஆயுதங்களை முதலில் அந்த நிலையிலிருந்து இறக்கட்டும், பெத்ரோவ் மாதிரி ஆட்களுக்கு யோசிக்கவாவது நேரம் கிடைக்கும்.

சரி, வட கொரியாவை விட்டுவிட்டேனே. கொரியப் போர் ஓய்ந்தது 1953-இல். அந்த நாடு முதல் அணுகுண்டைச் சோதித்தது 2006-இல். நடுவில் இருந்த 53 வருஷமும் யார் அதன்மேல் படையெடுத்துப் போனார்கள்?