அகலமும் உயரமும் இடம் மாறுவது ஏன்?

கேள்வி: சி பிளஸ் பிளஸ் நிரலில், கோப்பிலிருந்து படத்தின் அகலம், உயரம் இரண்டையும் படித்து ஒரே வரியில் ஒரு ஃபங்ஷனுக்கு அனுப்புகிறேன். கிளாங் என்ற கம்பைலரில் (நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) சரியாக வருகிறது. ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் 640, 480 என்பது 480, 640 ஆகிவிடுகிறது. கம்பைலர் கோளாறா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: இரண்டு கம்பைலர் மேலும் தப்பில்லை. ஆர்க்யுமென்ட்களில், அதாவது ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்புகளில், எதை முதலில் கணக்கிட வேண்டும் என்று சி பிளஸ் பிளஸ் விதி சொல்லவே இல்லை. கிளாங் இடமிருந்து வலமாகப் போகும். ஜிசிசி பெரும்பாலும் வலமிருந்து இடமாக. உங்கள் வரியில் ‘அடுத்த எண்ணைப் படி’ என்ற அழைப்பு இரண்டு முறை இருக்கிறது. வலப்பக்கத்து அழைப்பு முந்திக்கொண்டால், கோப்பில் முதலில் நிற்கும் 640 உயரத்துக்குப் போய்விடும்.

இதே பிழையில் நான் மூன்று நாள் மாட்டியிருக்கிறேன். சோதனைக்கு வைத்திருந்த படங்கள் எல்லாமே சதுரம், 256க்கு 256. இடம் மாறியது எப்படித் தெரியும்? நீங்கள் நீள்சதுரப் படம் வைத்துப் பார்த்தது ரொம்ப நல்லது.

சரி, தீர்வுக்கு வருவோம். அகலத்தை ஒரு வரியில் படித்து மாறியில் வையுங்கள். அடுத்த வரியில் உயரம். அப்புறம் இரண்டையும் அனுப்புங்கள். சி பிளஸ் பிளஸ் விதியின் 2017 பதிப்பு சில இடங்களில் வரிசையை உறுதி செய்தாலும், ஃபங்ஷன் ஆர்க்யுமென்ட்களுக்கு இன்னும் இல்லை. ஜாவாவில் இடமிருந்து வலம் என்பது விதியாகவே இருக்கிறது. அதில் பழகிய கை இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.