ரொறன்ரோவில் புதிதாக வந்தவர்களுக்கான இலவச உதவிகள் உண்மையில் பயன்படுமா?

கேள்வி: ரொறன்ரோவுக்கு அகதியாகவோ குடியேறியாகவோ வருகிறவர்களுக்கு இலவசமாக உதவும் அமைப்புகள் நிறைய இருக்கின்றனவாமே. அவற்றால் பயன் உண்டா? முதலில் யாரிடம் போக வேண்டும்?

பயன் உண்டு. ஆனால் நீங்கள் எந்தக் கதவைத் தட்டலாம் என்பதை உங்கள் கையில் இருக்கும் குடிவரவுப் பேப்பர்தான் தீர்மானிக்கும். இதை எங்களுக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. காசும் நாளும் போன பிறகுதான் தெரிந்தது.

2000ஆம் ஆண்டு நவம்பரில் அம்மா, நான், தம்பி மூவரும் பியர்சன் விமான நிலையத்தில் இறங்கி அகதிக் கேஸ் போட்டோம். எனக்கு அப்போது 19 வயது. ஸ்காபரோவில் ஒரு மாமா வீட்டு பேஸ்மென்ரில் ஒதுங்கினோம். மாமாவுக்கு இரண்டு வேலை, வீட்டில் இருக்கும் நேரம் நித்திரை. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அகதிக் கோரிக்கைக்கு பிஐஎஃப் என்றொரு படிவம் இருந்தது. 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். ஏன் நாட்டை விட்டு வந்தீர்கள் என்ற முழுக்கதையும் அதில்தான் எழுத வேண்டும். தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று, ஒரு கடையின் பின்னறையில் உட்கார்ந்து படிவம் நிரப்பும் ஒருவரிடம் போனோம். 300 டொலர் கேட்டார். அம்மா ஊரில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். "அக்கா, அதெல்லாம் தேவையில்லை. எப்படி எழுதினால் ஓம் சொல்லுவாங்கள் என்று எனக்குத் தெரியும்" என்றார் அந்த மனிதர். அம்மாவுக்கு அது பெரிய ஆறுதல். திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழ வேண்டாமே.

தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் எங்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பெற்றோரின் குடிவரவு நிலையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று ஒன்ராறியோவின் கல்விச் சட்டமே சொல்கிறது. அங்கே புதிதாக வந்த குடும்பங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு செட்டில்மென்ற் வேர்க்கர் இருந்தார். தடுப்பூசி அட்டை பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர், இடையில் சும்மா கேட்பது போல "உங்கள் வக்கீல் யார்?" என்றார். நாங்கள் பின்னறை மனிதரின் பெயரைச் சொன்னோம். அவர் பேனையை மூடி வைத்துவிட்டு ஒரு விலாசத்தை எழுதித் தந்தார். தேவாலயம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அகதிகளுக்கு உதவும் இடம்.

அந்த அறை எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சுவரோரம் காய வைத்த சப்பாத்துகள், உப்புக் கறை படிந்த தரை, தேநீர்க் கேத்தல். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்கள் படிவத்தை வரி வரியாக ஆங்கிலத்தில் வாசிக்க, பக்கத்தில் இருந்த தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்த்தாள். "1996 ஜூனில் நீங்கள் கைது செய்யப்பட்டீர்கள். எந்த முகாமில் வைத்திருந்தார்கள்?" என்று கேட்டபோது அம்மா என்னைப் பார்த்தார். "நான் எப்ப கைதானேன்?" யாரோ ஒருவருடைய கதையை அந்த மனிதர் அப்படியே எங்கள் படிவத்தில் இறக்கியிருந்தார். எங்கள் கதை அதில் ஒரு வரிகூட இல்லை. அப்படியே கொடுத்திருந்தால், விசாரணையில் முதல் கேள்வியிலேயே அம்மா பொய்காரி ஆகியிருப்பார்.

அப்போது எட்டு நாள்தான் மிச்சம். அன்றைக்கே, வசதியில்லாதவர்களுக்கு வக்கீல் செலவைக் கொடுக்கும் சட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பம் போட்டார்கள். உண்மையான வக்கீல் வந்தார், மொழிபெயர்ப்பாளருக்கும் சேர்த்துச் சட்ட உதவியே காசு கொடுத்தது. அம்மா தன் கதையை மூன்று நாள் இருந்து சொன்னார். அழுதார்தான். பிறகு விக்ரோறியா வீதி 74ஆம் இலக்கக் கட்டடத்தில் விசாரணை நடந்து, கேஸ் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்த வெள்ளைக்கார அம்மா எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. 300 டொலர் வாங்கியவர் திருப்பித் தரவும் இல்லை.

2012 கடைசியில் படிவத்தின் பெயரும் விதிகளும் மாறிவிட்டன. பின்னறை மனிதர்கள் மட்டும் மாறவில்லை. ஆகவே நீங்கள் கேஸ் போட்டவர் என்றால் முதலில் போக வேண்டியது அகதிகளுக்கென்றே இருக்கும் இடங்களுக்கு. 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் எஃப்சிஜே அகதிகள் மையம், ரொமேரோ ஹவுஸ் போன்றவை அப்படியானவை. தங்க இடமும் தருவார்கள், பேப்பர் வேலையும் பார்ப்பார்கள். விசாரணை அறை எப்படி இருக்கும், யார் எங்கே இருப்பார்கள் என்று முன்கூட்டியே காட்டிப் பழக்கும் ஒரு ஏற்பாடு வன்கூவரில் தொடங்கி இங்கேயும் வந்திருக்கிறது. இப்போது விசாரணைகள் பெரும்பாலும் வீடியோவில் நடப்பதால் அதுவும் திரைக்குப் போய்விட்டது. அந்தக் காலத்தில் எங்களுக்கு இது கிடைத்திருந்தால் அம்மா முதல் நாள் இரவு நித்திரை கொண்டிருப்பார்.

சரி, பேப்பர் கதைக்கு வருகிறேன். அரசாங்கமே வெளிநாட்டு முகாமிலிருந்து தெரிவு செய்து கூட்டிவரும் அகதி என்றால் கதையே வேறு. விமான நிலையத்தில் ஆள் நிற்கும், குளிர் உடுப்பு கிடைக்கும், தற்காலிகத் தங்குமிடமும் சாதாரணமாக ஒரு வருடம் வரை மாதப் பணமும் உண்டு. ரொறன்ரோவில் இந்த வரவேற்பைப் பார்ப்பது கொஸ்ரி என்ற அமைப்பு. ஒரு காலத்தில் இத்தாலியர்கள் தங்கள் சனத்துக்காகத் தொடங்கியது, 2015, 2016இல் சிரியர்கள் வந்தபோதும் அவர்கள்தான் பார்த்தார்கள். தேவாலயமோ ஐந்து பேர் சேர்ந்த குழுவோ பொறுப்பேற்று அழைத்தால் அந்த ஒரு வருடத்தை அவர்கள் பார்ப்பார்கள். நிரந்தர வதிவிடத்தோடு வருபவர்களுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் சேவைகள் எல்லாம் திறந்திருக்கும். எங்களைப் போல வந்து இறங்கிக் கேஸ் போட்டவர்கள்தான் இடையில் தொங்குவார்கள்.

எனக்கு அது ஆங்கில வகுப்பில் உறைத்தது. லிங்க் என்று மத்திய அரசின் இலவச வகுப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு என்று கேள்விப்பட்டு ஆசையாகப் போனேன். வேலைக்கும் வரிக்கும் அரசாங்கம் கொடுக்கும் இலக்கம்தான் சின் நம்பர், தற்காலிகமாக இருப்பவர்களுக்கு அது 9இல் தொடங்கும். என்னுடையதைப் பார்த்ததும், "கேஸ் முடிந்த பிறகு வா" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போயிருந்தேன், அன்றைக்கு மைனஸ் 15. மாகாணத்தின் பணத்தில் கல்விச் சபை நடத்தும் ஈஎஸ்எல் என்ற ஆங்கில வகுப்பில் கேஸ் போட்டவர்களும் சேரலாம் என்பதை அங்கே ஒருவரும் சொல்லவில்லை. அந்த வகுப்பு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது! "இங்கே முடியாது" என்று சொல்கிறவர்களிடம் "அப்படியென்றால் எங்கே முடியும்?" என்று கேட்காமல் எழும்பி வராதீர்கள்.

இப்போது 211 என்று ஒரு இலக்கம் இருக்கிறது, 2002இல் ரொறன்ரோவில் தொடங்கியது. எடுத்து "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உங்கள் நிலைமையைச் சொன்னால் பக்கத்தில் எது இருக்கிறது என்று தேடித் தருவார்கள். பேப்பரே இல்லாதவர்களும் பயப்படத் தேவையில்லை: குடிவரவு நிலையைப் பார்க்காமல் நகரச் சேவைகளைத் தருவது என்று ரொறன்ரோ மாநகர சபை 2013இல் தீர்மானம் போட்டது. கீழ்மட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அது எப்போதும் தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

வாடகை வீட்டுக்கு முதல் மாத வாடகையும் கடைசி மாத வாடகையும்தான் முன்பணமாகக் கேட்கலாம். ஆறு மாதம், ஒரு வருடம் என்று கேட்டால் சட்டத்துக்குப் புறம்பு. கட்டில், மேசைக்கு 1998இலிருந்து இயங்கும் ஃபர்னிச்சர் பாங்க், அங்கே நேரே போகாமல் ஒரு அமைப்பு மூலமாகப் போக வேண்டும். வேலை தேடித் தரும் வகுப்புகளைப் பற்றி என் அபிப்பிராயம் அவ்வளவு உயர்வானதல்ல. ரெசுமே எழுத நன்றாகச் சொல்லித் தருவார்கள், அப்புறம் ஊரில் பொறியியலாளராக இருந்தவரைக் களஞ்சியத்தில் பெட்டி தூக்க அனுப்புவார்கள். ஊரில் செய்த தொழிலை இங்கே தொடர வழிகாட்டும், அவரவர் துறைக்கென்று இருக்கும் பிரிட்ஜிங் வகுப்பைத் தேடிப் பிடித்தால் மட்டும் பிரயோசனம்.

பல வருடங்களாக மார்ச், ஏப்ரலில் சனிக்கிழமைகளில் நான் இலவச வருமான வரி முகாம் ஒன்றில் தொண்டராக இருக்கிறேன். குறைந்த வருமானக்காரர்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்போம். "எனக்கு வருமானமே இல்லையே, நான் ஏன் வரி?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். வரி கட்டவா கூப்பிடுகிறோம்? படிவம் போட்டால்தான் குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் ஜிஎஸ்ரி பணம் போன்றவை தொடர்ந்து வரும். ஆனால் வரியை விட அங்கே அதிகம் நடப்பது கடிதம் வாசிப்பு. போன வருடம் ஒரு ஐயா வந்தார். கோட்டின் உள் பையிலிருந்து அரசாங்கக் கடிதம் வரும் மண்ணிற உறை ஒன்றை எடுத்தார், ஒட்டியது ஒட்டியபடி. மூன்று கிழமையாக வைத்திருக்கிறாராம். ஊருக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்து மனைவிக்கும் சொல்லவில்லை. உடைத்துப் பார்த்தால், அவர் வங்கி விபரம் தந்தால் பணத்தை நேரே கணக்கில் போடலாம் என்று வரித் திணைக்களம் எழுதியிருக்கிறது. ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இதுக்குப் பதில் போட எவ்வளவு காசு தம்பியாக்கள் எடுக்கினம்?" என்று கேட்டார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் ஒருவர் கடிதம் ஒன்றுக்கு 20 டொலர் வாங்குகிறாராம்.

நீங்கள் கேட்ட "யாரிடம் போக வேண்டும்" என்பதற்கு என் சின்னப் பதில் இதுதான். கடிதத்தை உட்கார்ந்து வாசித்துச் சொல்லக்கூடிய, காசு கேட்காத ஒரு ஆளை முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள். சில பொது நூலகக் கிளைகளில் செட்டில்மென்ற் வேர்க்கர்கள் வந்து இருப்பார்கள், தமிழ் கதைக்கிறவர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு வேடிக்கை. கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டால் மத்திய அரசு பணம் கொடுக்கும் செட்டில்மென்ற் சேவைகளுக்குத் தகுதி போய்விடும். குடியுரிமை எடுத்தவருக்கு இனி எல்லாம் தெரியும் என்று கணக்கு. அம்மா குடியுரிமை எடுத்துப் பல வருடம். இன்றைக்கும் மண்ணிற உறை வந்தால் உடைக்க மாட்டார். ஃபிரிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு எனக்கு ஃபோன் எடுப்பார். இதை எழுதும்போதும் ஒன்று அங்கே கிடக்கிறது, சனிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.