நண்பர்களிடம் சொல்லி அசத்துகிற மாதிரி, அதிகம் பேருக்குத் தெரியாத தகவல் ஏதாவது சொல்ல முடியுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், நண்பர்கள் கூடிப் பேசும்போது ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். எப்போதாவது வாயைத் திறந்து ஒரு விஷயம் சொன்னால், "இது எந்த வாட்ஸ்அப் குழுவில் வந்தது?" என்று கேட்பார்கள். அது உண்மையிலேயே வலிக்கும். தேடிப் படித்து, சரிபார்த்துச் சொல்வதும் வந்ததை அப்படியே தள்ளிவிடுவதும் ஒன்றா?

அதனால் நீளமான பட்டியல் தரப்போவதில்லை. ஒரே ஒரு தகவலை முழுசாகச் சொல்கிறேன். ஓர் அறையில் 23 பேர் இருந்தால், அவர்களில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே தேதியில் பிறந்தநாள் வர 50.7 சதவீதம் வாய்ப்பு உண்டு. வருடம் வேறாக இருக்கலாம். தேதியும் மாதமும்தான் கணக்கு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி வகுப்பு, மொத்தம் 30 பேர். ஆளுக்கொரு சுவாரசியமான விஷயம் சொல்லுங்கள் என்றார் பயிற்சி கொடுத்தவர். எனக்கு முன்னால் பேசியவர் ஆக்டோபசுக்கு மூன்று இதயம் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அடுத்து நான். "இந்த அறையிலேயே இரண்டு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் இருக்க வாய்ப்பு அதிகம்" என்றேன். சிரித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து, "வருடத்துக்கு 365 நாள், நாம 30 பேர். பன்னிரண்டில் ஒரு பங்குகூட வராதே" என்றார்.

சரி, சொல்லிப் பார்த்துவிடலாம் என்றேன். முன்வரிசையிலிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் தேதியைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பத்துப் பேர் தாண்டியும் ஒன்றும் இல்லை. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. பத்தொன்பதாவது ஆள் "நவம்பர் 9" என்றதும், முதல் வரிசையில் ஒரு பெண் சட்டென்று திரும்பி, "எனக்கும்!" என்றார். அந்த நிமிடம் அறையில் எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

கடைசி வரிசைக்காரர் விடவில்லை, அதிர்ஷ்டம் என்றார். அவருக்கு நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன், நிச்சயம் தேவைப்படும். இந்தத் தகவலைக் கேட்டவுடன் ஒவ்வொருவரும் "என் பிறந்தநாளில் இன்னொருத்தர்" என்றுதான் யோசிப்பார்கள். அதற்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றால் 253 பேர் தேவை. இங்கே கேள்வி அது இல்லை. யாரும் யாரோடும் பொருந்தலாம். எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை கை குலுக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 23 பேர் என்றால் 253 கைகுலுக்கல், 30 பேர் என்றால் 435. ஒவ்வொரு கைகுலுக்கலும் பிறந்தநாள் பொருந்த ஒரு தனி வாய்ப்பு. 30 பேருக்கு அது 70 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அவர் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு இடைவேளை முழுக்கக் கணக்குப் போட்டார். அப்புறம் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குழுவுக்கும் அந்தப் பயிற்சியாளர் இதைத் தன் சொந்த யோசனைபோல முதல் நாளே செய்துகாட்டினார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கணக்கு என்னுடையது இல்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பைத் தாங்கிக்கொண்டு நின்றவன் நான். "முன்பு ஒருவர் செய்துகாட்டினார்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் கழித்து நான் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த அறிக்கையும் வேறொருவர் பெயரில்தான் மேலே போனது. உழைத்தவன் பெயரைச் சொல்ல என்ன செலவாகிவிடும்? இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பின்னூட்டத்தில் சிலர் வருவார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 29ஐ நான் மறக்கவில்லை; அதைச் சேர்த்தாலும் 23 பேருக்குப் பாதிக்கு மேல்தான். பிறப்புகள் எல்லா நாளும் ஒரே அளவில் நடப்பதில்லை என்பதும் தெரியும். அப்படி ஏற்றத்தாழ்வு இருந்தால் பொருந்தும் வாய்ப்பு கூடுமே தவிரக் குறையாது. இது உத்தரவாதமும் இல்லை; அன்று என் கணிப்பு பொய்த்துப்போக 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான வாய்ப்பு இருந்தது. எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தயவுசெய்து முயற்சி செய்யாதீர்கள், 7 சதவீதம்தான் தேறும். 50 பேர் இருந்தால் தைரியமாகச் சொல்லுங்கள், 97 சதவீதம்.

வேறு தகவலே இல்லையா என்றால், நிறைய உண்டு. ஆனால் எதிரில் இருப்பவர் அங்கேயே சோதித்துப் பார்க்கக்கூடியதுதான் எனக்குப் பிடிக்கும். வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். அங்கே ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம் என்று ஒரு முறை சொன்னேன். உடனே ஒருவர், ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்ததற்கு 117 நாள்தான் என்று கிளம்பிவிட்டார். இரண்டும் சரி. வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வதால் இரண்டு கணக்கும் அப்படி விலகுகின்றன. 'நாள்' என்றால் எது என்பதிலேயே அந்தச் சாயங்காலம் முடிந்துபோனது.

ஆள் குறைவாக இருந்தால் ஒரு சீட்டுக்கட்டைக் கையில் எடுங்கள். 52 சீட்டையும் அடுக்கக்கூடிய வரிசைகளின் எண்ணிக்கை 68 இலக்க எண். பிரபஞ்சம் தோன்றியதிலிருந்து இன்றுவரை ஓடிய நொடிகளை எண்ணினால்கூட 18 இலக்கம்தான் வரும். அதனால் நன்றாகக் கலைத்த கட்டைக் காட்டி, "இந்த வரிசை உலகத்தில் இதுவரை யார் கையிலும் வந்திருக்காது" என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். ஆனால் புதுக்கட்டைப் பிரித்து ஒரு தடவை மட்டும் கலைத்துவிட்டுச் சொல்லாதீர்கள், பழைய வரிசை பாதி அப்படியே இருக்கும். கட்டை இரண்டாகப் பிரித்து, சீட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று கோத்து, ஏழு முறையாவது கலையுங்கள். அவர்கள் கையாலேயே கலைக்கச் சொன்னால் இன்னும் நல்லது.