இங்கிலாந்தில் பள்ளி நடக்கும்போது பிள்ளைகளை ஊர்க் கல்யாணத்துக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகள் இயர் 3 (ஏழெட்டு வயது வகுப்பு), மகன் இயர் 1 (ஐந்தாறு வயது வகுப்பு). என் தங்கையின் கல்யாணத்துக்குத் தை மாதம் தேதி பார்க்கிறார்கள், இன்னும் உறுதியாகவில்லை. இரண்டு வாரம் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்று நினைக்கிறோம். அபராதம் கட்டிவிட்டால் போதும் என்கிறார்கள். உண்மையா?

கல்யாணத்துக்குப் பிள்ளைகளோடு போங்கள். சொந்தச் சித்தியின் கல்யாணத்தைப் பிள்ளைகள் வீடியோவில் பார்க்கும்படி ஆகக் கூடாது. ஆனால் இரண்டு வாரம் வேண்டாம். அபராதத்தை டிக்கெட் விலையில் ஒரு பகுதிபோலச் சேர்த்துக் கணக்குப் போடவும் வேண்டாம். தேதி இன்னும் குறிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினையில் முக்கால் பங்கை அங்கேயே தீர்த்துவிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். காலையில் வருகைப் பதிவேடு மூடியதும், வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போன் செய்வது என் பொறுப்பு. நம் ஊர்க் குடும்பங்கள் பல அங்கே இருப்பதால் இந்தக் கேள்வியை ஆண்டு முழுவதும் கேட்கிறேன். நானும் இங்கே இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், ஊரில் வயதான அம்மா இருப்பவள். ஆகவே இரண்டு பக்கமும் தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2013 செப்டம்பர் வரை, குடும்பச் சுற்றுலாவுக்கு ஆண்டுக்குப் பத்துப் பள்ளி நாட்கள்வரை விடுப்புத் தரத் தலைமையாசிரியருக்கு இடம் இருந்தது. மைக்கேல் கோவ் கல்வி அமைச்சராக இருந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அசாதாரணமான சூழ்நிலை என்று தலைமையாசிரியர் கருதினால் மட்டுமே விடுப்பு. எத்தனை நாள் என்பதையும் அவரே முடிவு செய்வார். விண்ணப்பம் முன்கூட்டியே வர வேண்டும். போய்விட்டு வந்து கடிதம் கொடுத்தால் செல்லாது.

அபராத விதிகள் 2024 ஆகஸ்ட்டில் இங்கிலாந்து முழுவதற்கும் ஒன்றாக்கப்பட்டன. அனுமதி இல்லாமல் பத்து அரை நாட்கள், அதாவது ஐந்து நாட்கள், வராமல் போனால் அபராதம் விதிப்பதைப் பள்ளியும் கவுன்சிலும் (உள்ளூராட்சி மன்றம்) பரிசீலித்தே ஆக வேண்டும். இந்தப் பத்தும் பத்துப் பள்ளி வாரங்களுக்குள் சேர்ந்தால் போதும், தொடர்ந்து வர வேண்டியதில்லை. பதிவேடு மூடிய பிறகு காரணமின்றித் தாமதமாக வருவதும் இதில் சேரும். ஐந்து நாளைத் தொடாமல் நான்கோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம் என்று ஒரு கணக்கு நம்மவர்களிடையே உலவுகிறது. ஆனால் அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே அபராதம் விதிக்கவும் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது.

தொகை ஒரு பெற்றோருக்கு, ஒரு பிள்ளைக்கு 80 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால். 28 நாள்வரை இழுத்தால் 160. உங்கள் வீட்டில் பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர். ஆக 320 பவுண்டு, அல்லது 640. மூன்று ஆண்டுகளுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாவது முறை வந்தால் எடுத்த எடுப்பிலேயே 160, சலுகை கிடையாது. மூன்றாவது முறை அபராதச் சீட்டு வராது, பெரும்பாலும் வழக்குதான். நீதிமன்றத்தில் 1,000 பவுண்டுவரை போகலாம். தெரிந்தே அனுப்பாமல் இருந்தார்கள் என்ற கடுமையான பிரிவில் 2,500 பவுண்டுவரை அபராதமும் மூன்று மாதம்வரை சிறையும் உண்டு. அபராதச் சீட்டை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை. கட்டாவிட்டால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத குற்றத்துக்காக வழக்குப் போடுவார்கள்.

எனவே கட்டிவிட்டால் போதுமா என்ற கேள்விக்குப் பதில்: வழக்கு வராது, குற்றப் பதிவும் ஆகாது. ஆனால் பணம் கட்டினால் அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. பதிவேட்டில் அனுமதியற்ற விடுமுறை என்றே இருக்கும். அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் உண்மையான அவசரம் வந்து அனுமதி கிடைக்காமல் போனால், அபராதக் கணக்கில் நீங்கள் ஏற்கெனவே ஒரு படி ஏறி நிற்பீர்கள், அடுத்தது 160.

நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளை, மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் போகிறாள், அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் வாதிடுவார்கள். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோன ஒருவர் இருக்கிறார். ஜான் பிளாட் என்ற தந்தை, வைட் தீவைச் சேர்ந்தவர். 2015 ஏப்ரலில் பள்ளி அனுமதி மறுத்த பிறகும் ஆறு வயது மகளை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார். அபராதத்தைக் கட்ட மறுத்தார். மகளின் வருகை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது ஒழுங்காகப் போகவில்லை என்று எப்படிச் சொல்லலாம் என்பது அவர் கேள்வி. மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அவர் பக்கம் நின்றன. 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை மாற்றினார்கள். ஒழுங்காக வருவது என்றால் பள்ளி வகுத்த விதிப்படி வருவது என்று தீர்ப்பு எழுதினார் நீதிபதி லேடி ஹேல். ஒரு பிள்ளை வராமல் போனால் மற்றப் பிள்ளைகளின் படிப்பும் குலைகிறது, செலவானாலும் விதியை மதித்துக் காத்திருக்கும் பெற்றோருக்கு அது அவமதிப்பு என்றும் காரணம் சொன்னார். அந்த வருகைச் சதவீத வாதம் அதோடு முடிந்தது.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வலிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட்டில் விற்கும் டிக்கெட் விலையோடு ஒப்பிட்டால் 320 பவுண்டு லாபம் என்று கூட்டிக் கழிக்கும் வீடுகள் உண்டு. இரவு வேலைக்குப் போய், வாரச் சம்பளத்தில் வாடகை கொடுக்கும் வீட்டுக்கு அதே தொகை ஒரு மாதத்துச் சாப்பாட்டைத் தொடும். தாத்தா பாட்டி அடுத்த தெருவில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி இது. பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்துதான் பாட்டி முகம் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தவில்லை. இதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது. ஆனால் அந்த வருத்தத்தைத் தீர்க்க மலிவு டிக்கெட் வழியல்ல. விலைக்காக எடுக்கும் விடுப்பை நான் ஆதரிக்க மாட்டேன். மனிதர்களுக்காக எடுப்பதை ஆதரிப்பேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகும் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் யாராவது உங்களிடம் அந்த யோசனையைச் சொல்லியிருப்பார்கள். நாம் படித்த காலத்தில் லீவ் லெட்டர் என்றாலே காய்ச்சல்தான். அத்தை கல்யாணத்துக்கும் காய்ச்சல், கோயில் கொடைக்கும் காய்ச்சல். வாத்தியாருக்கும் தெரியும், யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். இங்கே அப்படி இல்லை. பிள்ளை வரவில்லை என்றால் அன்று காலையே நாங்கள் அழைக்கிறோம். வெளிநாட்டில் இருக்கும் போனுக்கு அழைத்தால் மணியோசையே பெரும்பாலும் வேறு மாதிரிக் கேட்கும். பதில் கிடைக்காவிட்டால் வீட்டுக்கே ஆள் வரலாம். பிள்ளை பத்திரமாக இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது எங்கள் கடமை. பதின்வயதுப் பெண் என்றால் கேள்விகள் இன்னும் கூடும், கட்டாயத் திருமணம் பற்றிய பயம் பள்ளிகளுக்கு உண்டு. அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது வேறு. திரும்பி வந்த திங்கட்கிழமை அந்தக் குழந்தை மருதாணிக் கையோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும். எங்கே போயிருந்தாய் என்று ஆசிரியை ஆசையாகத்தான் கேட்பார். வயிற்றுவலி என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஐந்து வயதுக் குழந்தை, தன் வாழ்க்கையிலேயே மிகவும் மகிழ்ந்த நாட்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் தலைகுனிந்து நிற்கும். யானையைப் பார்த்ததை, சித்தப்பா தோளில் ஏறிச் சாமி பார்த்ததை அது நண்பர்களிடம் சொல்லக் கூடாது. இந்தச் சுமையைக் குழந்தை மேல் ஏற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது தேதிக்கு வருவோம். இங்கிலாந்துப் பள்ளி விடுமுறையையும் நம் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடை விடுமுறை ஜூலை மூன்றாம், நான்காம் வாரத்தில் தொடங்குகிறது. அப்போது ஆடி பிறந்திருக்கும். கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் மார்கழி. ஈஸ்டர் விடுமுறையில் பெரும்பகுதி பங்குனி; அப்போது பலர் கல்யாணம் வைப்பதில்லை. நீண்ட விடுமுறைகளில் முகூர்த்தத்துக்கு என்று நன்றாகக் கிடைப்பது ஆவணியின் முதல் இரண்டு வாரம் மட்டும்தான். டிக்கெட் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கோடை விடுமுறை பெரும்பாலும் ஒத்துவருகிறது. கல்யாணத்துக்குப் போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் பருவத்தின் நடுவில் வரும் ஒரு வார ஹாஃப் டெர்ம் விடுமுறைகள் மூன்று இருக்கின்றன. பிப்ரவரி நடுவில் வருவது தை முடிந்து மாசி பிறக்கும் சமயம். மே கடைசியில் வருவது வைகாசி. அக்டோபர் கடைசி ஐப்பசி. மூன்றிலும் முகூர்த்தம் உண்டு. வெள்ளி மாலை பள்ளி விட்டதும் கிளம்பினால் அடுத்த ஞாயிறுவரை ஒன்பது நாட்கள் கையில் இருக்கும். அதை ஒட்டி, பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத ஆசிரியர் பயிற்சி நாள் வந்தால் இன்னும் ஒன்று. சில பள்ளிகள் தாங்களே தேதி வகுத்துக்கொள்வதால், பக்கத்து வீட்டுப் பள்ளியின் தேதியை நம்பாமல் உங்கள் பள்ளியின் தேதியை மட்டும் பாருங்கள்.

ஆகவே இன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்து, ஜோசியரிடம் போவதற்கு முன்பே பள்ளித் தேதிகளைக் கொடுங்கள். தை நடுவுக்குப் பதில் மாசி முதல் வாரம் என்றால் போதும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைக் கேட்பது கூச்சமாக இருக்கும். ஆனால் மண்டபம் பேசி முன்பணம் கொடுத்த பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது எளிது. மூத்த மகள் குடும்பத்தோடு வர வேண்டும் என்பதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாத வீடு அரிது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கே போய் கல்யாணம்வரை தங்கலாமே என்று தோன்றலாம். பள்ளி ஜனவரி முதல் வாரத்தில் திறந்துவிடும். தை பிறப்பதே 14, 15 தேதிவாக்கில். ஒத்துவராது.

எல்லாம் மீறித் தேதி தை நடுவில்தான் அமைந்தது என்றால், நீங்கள் முன்னால் போய் வேலைகளைப் பாருங்கள். பிள்ளைகளைக் கணவர் வியாழக்கிழமை அழைத்து வந்து அடுத்த புதன்கிழமைக்குள் திரும்பட்டும். நெருங்கிய உறவின் கல்யாணம் என்று நாட்களைச் சுருக்கிக் கேட்கும்போது ஓரிரு நாட்களாவது அனுமதிக்கும் தலைமையாசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரம் கேட்டவர்களுக்குக் கிடைத்ததை நான் பார்த்ததில்லை. மரணம் என்றால் வேறு. அப்போது தயங்காமல் விமான நிலையத்திலிருந்தாவது போன் செய்யுங்கள், யாரும் கல் நெஞ்சோடு இருப்பதில்லை.

படிப்பைப் பொறுத்தவரை, மகள் இயர் 3 என்பதால் தேசியத் தேர்வு எதுவும் இந்த ஆண்டு இல்லை, சில நாட்களில் எட்டிப் பிடித்துவிடுவாள். மகனைப் பற்றித்தான் எனக்கு அக்கறை. இயர் 1 என்பது எழுத்துக்கு ஒலி பழகும் ஆண்டு. வாரந்தோறும் புதிய ஒலிகள் வரும், ஜூன் மாதம் நாற்பது சொற்களை வாசித்துக் காட்டும் சோதனை இருக்கிறது. இரண்டு வாரம் விட்டால், மற்றப் பிள்ளைகள் வாசிக்கும்போது இவன் உதட்டை மட்டும் அசைப்பான். எந்த ஒலிகளை நடத்தப்போகிறீர்கள் என்று ஆசிரியையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, வாசிப்புப் புத்தகத்தைக் கைப்பையில் வையுங்கள். தாத்தா தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டால் போதும். இயர் 6, இயர் 11 பிள்ளைகள் என்றால் நான் இந்த அளவுகூடச் சொல்லியிருக்க மாட்டேன். முன்னவருக்கு மே மாதத் தேசியத் தேர்வு, பின்னவருக்கு ஜி.சி.எஸ்.இ. பொதுத்தேர்வு.

கடிதம் நீளமாக வேண்டாம். யாருடைய கல்யாணம், பிள்ளைகளுக்கு என்ன உறவு, எந்த ஊர், கல்யாணத் தேதி, எத்தனை பள்ளி நாட்கள், என்று திரும்புவார்கள். இவ்வளவு போதும். அழைப்பிதழ் அச்சாகியிருந்தால் தமிழில் இருந்தாலும் ஒன்றை இணையுங்கள், தேதியை மட்டும் ஆங்கிலத்தில் குறித்துவிடுங்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்தது என்ற வரி வேண்டவே வேண்டாம், அதைப் பார்த்ததும் மறுத்துவிடுவார்கள். தலைமையாசிரியரிடமிருந்து எழுத்தில் பதில் வந்த பிறகு டிக்கெட் வாங்குங்கள்; முன்பே வாங்கிவிட்டோம் என்பதை எந்தப் பள்ளியும் காரணமாக ஏற்பதில்லை.