வெப்பமண்டலக் கடலுக்கு உச்சவரம்பு உண்டா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வெப்பமண்டலக் கடல் ஓரளவுக்கு மேல் சூடானால் மேகம் திரண்டு வெயிலை மறைத்துவிடும் என்றும், எனவே அதன் மேற்பரப்பு வெப்பநிலை ஒரு வரம்பைத் தாண்டாது என்றும் படித்தேன். அப்படியானால் புவி வெப்பமயமாதலைப் பற்றி அந்தக் கடல்களைப் பொறுத்தவரையிலாவது கவலையின்றி இருக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சென்னையில் பிறந்த அறிவியலாளர் வீரபத்ரன் ராமநாதனும் வில்லியம் காலின்ஸும் 1991இல் முன்வைத்த கருத்து இது. உயர்ந்தெழும் மழைமேகங்களின் உச்சியில் பரவும் கீற்று மேகங்கள் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், கடலின் மேற்பரப்பு சுமார் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாது என்றனர். ஆவியாதலையும், காற்றோட்டம் வெப்பத்தை வேறிடங்களுக்குக் கொண்டுசெல்வதையும் சேர்த்துப் பார்க்காமல் இப்படி முடிவுகட்ட இயலாது என்ற மறுப்பும் விரைவிலேயே எழுந்தது.

மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். இன்று ஏறத்தாழ 28 டிகிரி கொண்ட கடற்பரப்பின் மேல்தான் பெருமழை மேகங்கள் எழுகின்றன. ஆனால் கடலோடு மேல்வளிமண்டலமும் சூடாகும்போது, மேகம் எழுவதற்குத் தேவையான அந்த வெப்பநிலையும் உயர்ந்துகொண்டே போகிறது. 1951 முதல் 2015 வரை உலகக் கடல்களின் மேற்பரப்பு சராசரியாக 0.7 டிகிரி சூடானது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலோ 1 டிகிரி சூடானது. வரம்பு ஒன்று இருந்தாலும் பவளங்களுக்கு அதனால் பயனில்லை. வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடி அது சில வாரங்கள் நீடித்தாலே அவை வெளிறத் தொடங்கிவிடும்.

கடல் எவ்வளவு சூடாகிறது என்பதோடு, எந்தப் பகுதி கூடுதலாகச் சூடாகிறது என்பதையும் கேட்க வேண்டும். பசிபிக்கின் கிழக்கில், பெரு, ஈக்வடார் நாடுகளுக்கு மேற்கே நிலநடுக்கோட்டை ஒட்டி, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் இடைவிடாமல் மேலே வருகிறது. அந்த நீர் பல ஆண்டுகளுக்கு முன்பே மேற்பரப்பை விட்டு இறங்கியது என்பதால், கிழக்குப் பகுதி தாமதமாகவே சூடாகும், மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு பெருகும், அதனால் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் வியாபாரக் காற்று வலுத்து மேலும் குளிர்நீரைக் கொண்டுவரும் என்று அறிவியலாளர் ஏமி கிளெமென்ட் குழுவினர் 1996இல் வாதிட்டனர். இதற்கு எதிரான விசையும் உண்டு. வெப்பம் 1 டிகிரி கூடும்போது காற்றிலுள்ள நீராவி சுமார் 7 விழுக்காடு பெருகுகிறது. உலகின் மொத்த மழையோ 2 அல்லது 3 விழுக்காடே பெருகுகிறது. நீராவி பெருகும் அளவுக்கு மழை பெருகாததால், அதை மேலே கொண்டுசெல்லும் காற்றோட்டம் தளர வேண்டும். தளர்ந்தால் குளிர்நீர் மேலே வருவது குறைந்து கிழக்கு கூடுதலாகச் சூடாகும். எதிர்காலக் காலநிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை இதையே எதிர்பார்த்தன. ஆயினும் 1980க்குப் பின் கிழக்குப் பசிபிக்கின் சில பகுதிகள் சூடாகாமல் சற்றுக் குளிர்ந்திருப்பதையே அளவீடுகள் காட்டுகின்றன.

இந்தக் குளிர்ச்சிதான் என்னை மிகவும் கவலைகொள்ள வைக்கிறது. கிழக்குப் பசிபிக்கின் மேல் தாழ்வாகப் படர்ந்திருக்கும் மேகங்கள் குளிர்ந்த நீரின் மேல்தான் செழிக்கும். இதுவரை அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பி வெப்பமயமாதலின் வேகத்தைச் சற்றே மட்டுப்படுத்தி வந்துள்ளன. மாதிரிகள் சொல்வதுபோல் அப்பகுதியும் சூடானால், நீங்கள் நம்பும் மேகமே அங்கே குறைந்துபோகும். அதுவரை விண்வெளிக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒளியைக் கடல் உள்வாங்கத் தொடங்கும்.